நோயுற்ற சின்சில்லாவைப் பேணும் முறை

வீட்டு விலங்கு என்றவுடன் நம்மனோர் நினைவில் எழுவன நாயும் பூனையுமே. அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய நாடுகளிலோ சின்சில்லா என்னும் சிறு கொறிவிலங்கையும் பலர் இல்லத்தில் வளர்த்து வருகின்றனர். அணிலினும் பெரிதாய், முயலினும் சிறிதாய், அகன்ற செவியும் நீண்ட மீசையும் அடர்ந்த வாலும் உடையது அது. அதற்குத் தமிழில் தனிப்பெயர் இல்லை. நாமே ஒன்று புனைந்துரைப்பின் கற்போர்க்கு மயக்கமே விளையுமாதலின், உலகம் வழங்கும் பெயரையே யாமும் கொண்டோம். இவ்வுயிர் கடுநோய்ப்பட்டபோது அதனைக் காக்குமாறு எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப் புகுவது.

அகப்பொருள் நூலார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், உணவு முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் வகுப்பர். நோயுற்ற விலங்கை நோக்குவார்க்கும் இவ்வகுப்புப் பெரிதும் உதவும். சின்சில்லாவின் நிலம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. குளிரும் வறட்சியும் மிக்க கற்பாங்கு. அதன் பொழுது மாலையும் இரவும். அதன் உணவு நார் மிகுந்த, சத்துக் குறைந்த புல்லும் செடியுமாம். ஒரே மயிர்க்காலினின்று அறுபது மயிர்வரை எழுதலால் அதன் தோல் மிக மென்மையுடையது. அம்மென்மையே அதற்குக் கூற்றாயிற்று. தோல் வாணிகத்தின் பொருட்டு எண்ணிறந்தன கொல்லப்பட, 1910-இல் சிலி, பெரு, பொலிவியா, அர்ஜென்டினா என்னும் நான்கு நாடுகளும் அவ்வேட்டையைத் தடுக்க உடன்படிக்கை செய்தன. காட்டில் வாழ்வன இன்றும் அழியும் நிலையிலேயே உள. 1923-இல் மத்தியாஸ் சாப்மன் என்னும் அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர், பன்னிரண்டுக்கு மிகாத சின்சில்லாக்களை மலையுச்சியினின்று சிறிது சிறிதாகக் கீழிறக்கிப் பழக்கி, கப்பலில் பனிக்கட்டியால் குளிர்வித்துக் கலிபோர்னியா சேர்த்தார். இன்று வீடுகளில் வளர்வனவற்றுள் பெரும்பாலன அவற்றின் வழித்தோன்றல்களே. அவர் அத்துணை பாடுபட்டதன் காரணம் வெளிப்படை. வெப்பம் 27 டிகிரி செண்டிகிரேடைத் தாண்டின் இவ்விலங்குக்கு உயிர்க்கேடு நேரக்கூடும். காற்றில் ஈரம் மிகின் அதனினும் குறைந்த வெப்பமே போதும். நம் சென்னையின் மார்கழி நண்பகலும் இதற்குக் கோடையே ஆம்.

இனி நோய்க்கு வருவோம். பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர்கள் தம் நோவை மறைத்தொழுகும் இயல்பின. நொந்தது என்று பகைக்குத் தோன்றின் அதுவே முதலில் பிடிபடும் அன்றோ? ஆகவே, சின்சில்லா வாடிக் குந்தியிருப்பதை வளர்ப்பார் காணும்பொழுது நோய் பெரும்பாலும் முதிர்ந்துவிட்டிருக்கும். கண்ணை நம்பியிராது, கிராம் கணக்கில் நிறுக்கும் சிறு தராசை நம்புதலே அறிவுடைமை. வளர்ந்த சின்சில்லாவின் எடை ஏறத்தாழ 400 முதல் 600 கிராம் வரையாம். அடர்ந்த மயிர் உடலின் மெலிவை மூடிவிடுதலின், பார்வைக்குப் பருத்ததுபோல் இருப்பது உண்மையில் எலும்பாய்த் தேய்ந்திருத்தலும் உண்டு. எடை நாள்தோறும் இறங்கிக்கொண்டே வருதலும், புழுக்கை சிறுத்தும் அருகியும் போதலும் நோயின் தெளிவான அறிகுறிகள்.

இவ்விலங்கின் குடலமைப்பை அறியாதார் இதன் நோயை உணர்தல் அரிது. உண்ட நார் குருட்டுக்குடலில் தங்கி, ஆங்கு வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களால் நொதிப்புற்றுச் சத்தாகின்றது. குடல் இடையறாது இயங்கிக்கொண்டிருத்தல் வேண்டும். அதற்கு நார் இடையறாது உட்செல்லல் வேண்டும். பல்வலியோ, அச்சமோ, வெப்பமோ, வேறு நோயோ காரணமாக உணவு நின்றால் குடலியக்கம் தளரும். தளரவே வளி திரண்டு வயிறு உப்பும். உப்பவே நோவு மிகும். நோவு மிகவே உண்ணும் விருப்பம் அறவே ஒழியும். இவ்வாறு காரியமே மீண்டும் காரணமாய்ச் சுழல்கின்ற சுழலில் சிறுவிலங்கு விரைவில் மாய்ந்துபோகும். வாந்தி எடுத்தலும் இதற்கு இயலாது. எனவே, ஒருநாள் முழுதும் உண்ணாத சின்சில்லாவை ‘நாளை பார்ப்போம்’ என்று விட்டுவைத்தல் கூடாது. அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். நாய் பூனைகளையே கண்டு பழகிய மருத்துவரினும், இத்தகைய சிறுவிலங்குகளில் பயிற்சியுடையாரை நாடுதல் நன்று.

மருத்துவர் நோவு தணிக்கும் மருந்தும் நீரும் ஈந்தபின், ஊட்டும் கடமை வீட்டாருடையது. புல்லைப் பொடித்துச் செய்த உணவை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, ஊசியில்லாப் பீச்சுகுழலால் ஊட்டுவர். விலங்கைத் துணியில் தளர்வாகச் சுற்றி, நிமிர்ந்து அமர்ந்த நிலையிலேயே வைத்தல் வேண்டும். மல்லாத்தல் ஒருகாலும் கூடாது. குழலை முன்பற்களுக்குப் பின்னுள்ள இடைவெளியில் பக்கவாட்டில் நுழைத்துச் சிறிது செலுத்தி, அது மென்று விழுங்கும்வரை பொறுத்து, பின்னரே மறுமுறை செலுத்துக. விரைந்து ஊட்டின் உணவு மூச்சுக்குழலுட் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். உடலெடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் என்பது பொதுக்கணக்கு. 500 கிராம் எடையுள்ளதற்கு 25 மில்லிலிட்டர் ஆயிற்று. அதனை நான்கைந்து வேளையாகப் பகிர்ந்தளிப்பர். நள்ளிரவிலும் ஒருவர் எழுந்து ஊட்ட நேரும். விலங்கு முகந்திருப்பும், குழைத்ததில் பாதி துணியிலும் மார்பிலும் வழியும். இதற்குப் பொறுமையன்றி வேறு கருவி இல்லை. ஒன்று மட்டும் கருத்தில் இருத்தத்தக்கது: வயிறு பறைபோல் உப்பியிருப்பினும், குடலில் அடைப்பு உண்டென ஐயுற்றாலும், மருத்துவர் பார்க்குமுன் வலிந்து ஊட்டுதல் நன்மையினும் தீமையே விளைக்கும்.

மருந்திலும் ஒரு பெரும் இடர் உண்டு. 1928-இல் கண்டறியப்பட்டு மக்களுள் எண்ணற்றோர் உயிரைக் காத்த பெனிசிலினும், அதன் இனமான அமாக்சிசிலின் முதலியனவும் வாய்வழி கொடுக்கப்படின் சின்சில்லாவுக்கு நஞ்சாகும். அவை குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றொழிக்க, அவ்விடத்தில் தீய கிருமிகள் பெருகி நச்சுநீரைக் கக்கும்; அதனால் விலங்கு இறந்துபடும். வீட்டில் எஞ்சிய மருந்தை ‘நமக்கு நலஞ்செய்ததுதானே’ என்று கொடுப்பார் அன்பினாலேயே கொல்வாராகின்றனர்.

நோய்களுள் மிகக் கொடியது பல்நோய். இவ்விலங்கின் இருபது பற்களும் வாழ்நாள் முழுதும் வளர்வன. கரடான புல்லை நாளெல்லாம் அரைப்பதனால் அவை தேய்ந்து அளவில் நிற்கின்றன. மென்மையான உணவே பெற்றாலும், பிறப்பிலேயே பல்லமைப்புப் பிழைபட்டாலும், கடைவாய்ப்பற்கள் நீண்டு கன்னத்தையும் நாவையும் கீறும். அவற்றின் வேர்களோ மேலே கண்குழியை நோக்கியும் கீழே தாடையெலும்பைப் புடைத்துக்கொண்டும் வளரும். கண்ணில் நீர் வடிதல், மோவாய் எச்சிலால் நனைதல், புல்லை எடுத்து மீளக் கீழே போடுதல் ஆகியன அதன் குறிகள். வெளியே தோன்றும் முன்பல் செம்மையாக இருத்தல் கொண்டு ஏமாறலாகாது. எக்ஸ் கதிர்ப் படமே உண்மையைக் காட்டும். மயக்கமருந்து தந்து பற்களை அராவுதல் கூடும். ஆயின் வேர் நீண்டுவிட்டதேல் அராவுதல் சில வாரங்களுக்கு ஆறுதல் தருமேயன்றி நோயைத் தீர்க்காது.

இங்கேதான் வளர்ப்பார் முன் கடினமான வினா எழுகின்றது. பீச்சுகுழலால் உயிரை நீட்டித்தல் எதுவரை அன்பு, எதுமுதல் கொடுமை? சிலர் மருத்துவர் கைவிட்ட பின்னும் ஊட்டுதலை விடார். அவர் காப்பது விலங்கையோ தம் துயரத்தையோ என்று நாம் கேட்க வேண்டியவர்களாகின்றோம். வேறு சிலர் செலவஞ்சி முதல்நாளே முடிவு தேடுவர், அதுவும் முறையன்று. தானே ஏதேனும் கடிக்க முயல்கின்றதா, இரவில் எழுந்து உலவுகின்றதா, தன் மயிரைத் தானே கோதிக்கொள்கின்றதா என்று பார்த்தல் வேண்டும் என்பது எம் கருத்து. இம்மூன்றும் ஒழிந்து, மருந்தாலும் நோவு தணியாது எடையும் இறங்கிக்கொண்டே போமாயின், மருத்துவர் கையால் நோவின்றிக் கண்மூடச் செய்தலை மேல்நாட்டார் கொள்கின்றனர். அதனைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை.

பிழைத்ததற்கு வேண்டுவன சில. கூடு குளிர்ந்த, அமைதியான இடத்தில் இருத்தல் வேண்டும். மேல்தட்டுக்குத் தாவி வீழாவண்ணம் உணவும் நீரும் தாழ்வாக வைத்தல் நன்று. கண்நோயோ புண்ணோ உள்ளவரை புழுதிக்குளியலை நிறுத்துவர். அஞ்சியதை இறுகப் பற்றின் மயிர் கற்றையாகக் கழன்று கையோடு வரும்; ஆதலின் மெல்லத் தாங்கியே எடுத்தல் வேண்டும். தானே புல் தின்னத் தொடங்கியபின் ஊட்டுதலைப் படிப்படியாகக் குறைத்து, எடை நிலைபெற்றதென்று துணியும்வரை நாள்தோறும் நிறுத்துவருதல் வேண்டும். தொற்றுநோய் அல்லாதவிடத்து, உடன்வாழும் துணையைப் பிரிக்காதிருத்தலே நலம். நோயுற்றது இறந்துபடின், எஞ்சிய துணையும் சின்னாள் உணவு வெறுத்தல் உண்டாகையால், அதன் எடையையும் சில வாரங்கள் அவ்வாறே நிறுத்துப் பார்த்துவருவர்.