ஒரு செங்கல், மூன்று அர்த்தங்கள்

அன்புள்ள கயலுக்கு,

உன் நோட்டிலிருக்கும் கதையில் ஒரு பருந்து கோழிக்குஞ்சைக் காதலிக்கிறது. மூன்றாம் பக்கத்திலேயே பருந்து கறி தின்பதை விட்டுவிட்டுக் கம்பு கொத்தத் தொடங்கிவிடுகிறது. நான்காம் பக்கத்தில் கல்யாணம். கதை அங்கேயே படுத்துவிட்டது என்று உனக்கும் தெரிந்திருக்கிறது; மிச்சப் பக்கங்களில் புள்ளி வைத்துக் கோலம் போட்டிருக்கிறாய்.

இப்படியொரு பொருந்தாக் காதலைச் சேர்த்தும் வைக்காமல், பிரித்தும் வைக்காமல் முப்பது ஆண்டுக்கு மேல் ஓட்டியவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஜார்ஜ் ஹெரிமன், 1880இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். அவர் வரைந்த 'கிரேஸி கேட்' சித்திரக்கதை 1913 முதல் 1944 வரை நாளிதழ்களில் தொடராக வந்தது.

அதில் பூனைக்கு எலிமேல் காதல். எலியின் பெயர் இக்னாட்ஸ். வீட்டில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டு. பூனையைக் கண்டாலே அதற்கு ஆகாது. குறிபார்த்துச் செங்கல்லை வீசும். அது பூனையின் பின்மண்டையில் வந்து விழும். வலிக்க வேண்டிய இடத்திலிருந்து குட்டி இதயம் ஒன்று மேலே கிளம்பும்! எலி தன்னை மறக்கவில்லை என்று பூனைக்கு அத்தனை பூரிப்பு. ஊர்க் காவல் அதிகாரியான பப் ஒரு நாய். அவருக்கு அந்தப் பூனைமேல் ஆசை. அதனால் எலியைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சிறையில் அடைப்பார். மறுநாள் எலி மறுபடியும் செங்கல் வாங்கக் கிளம்பிவிடும். சூளை வைத்திருக்கும் கோலின் கெல்லியும் ஒரு நாய்தான்.

நாய் பூனையைத் துரத்தும், பூனை எலியைத் துரத்தும் என்பது எந்தத் தெருவிலும் உள்ள நியாயம். ஹெரிமன் அதை அப்படியே திருப்பிப் போட்டார். ஆனால் தொடரை ஓட்டியது அந்தத் தலைகீழ் வேடிக்கை மட்டுமல்ல, செங்கல்லும்தான். எலிக்கு அது வெறுப்பு, பூனைக்குக் காதல் கடிதம், நாய்க்குக் குற்றம். மூவரும் ஒரே பொருளைப் பார்க்கிறார்கள். ஒருவர் படிப்பது இன்னொருவருக்கு எட்டவே எட்டாது.

தொடங்கிய இடமும் சின்னதுதான். 1910இல் அவர் ஒரு குடும்பத்தைப் பற்றி வேறொரு தொடர் வரைந்துகொண்டிருந்தார். கட்டங்களின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதை நிரப்ப, வீட்டுக்காரர்களின் கால்மாட்டில் ஒரு பூனையையும் எலியையும் விட்டார். எலி எதையோ எடுத்துப் பூனைமேல் எறிந்தது. அந்த ஓரத்துக் கூத்து 1913இல் தனித்தொடராகி, 1916 முதல் ஞாயிறுதோறும் முழுப்பக்கத்தையும் பிடித்துக்கொண்டது. பெருங்கூட்டம் விரும்பிப் படித்த தொடர் அல்ல. பத்திரிகை முதலாளி ஹர்ஸ்டுக்குப் பிடித்திருந்ததால் நிலைத்தது.

தினமும் அதே செங்கல் என்றால் சலிக்காதா?

சலிக்காமலிருக்க அவர் மற்றதையெல்லாம் மாற்றினார். கதை நடப்பது அரிசோனாவின் கொகொனினோ என்ற நிஜமான மாவட்டத்தின் பாலை நிலத்தில். பூனையும் எலியும் நின்ற இடத்திலேயே பேசிக்கொண்டிருக்கும்; பின்னால் இருந்த பாறை அடுத்த கட்டத்தில் மரமாகிவிடும், அதற்கடுத்த கட்டத்தில் பகல் இரவாகிவிடும். பூனை ஆணா பெண்ணா என்பதைக்கூட அவர் முடிவு செய்யவில்லை. மாறாதது மூன்று மனசு மட்டும்.

அந்தச் செங்கல்லைப் போலவே ஹெரிமனுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட அர்த்தம் இருந்தது. அவர் வெள்ளைக்காரராகவே வாழ்ந்து 1944இல் இறந்தார்; இறப்புச் சான்றிதழும் அப்படியே சொல்கிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பிறப்புச் சான்றிதழிலோ, அன்றைய அமெரிக்கா கறுப்பினத்தவரைக் குறிக்க வைத்திருந்த 'நிறத்தவர்' என்ற சொல் இருந்தது. ஒரு மனிதரைப் பற்றி இரண்டு தாள்கள், இரண்டு விதமாக.

உன் கதையில் செங்கல் இல்லை. ஆனால் முற்றம் இருக்கிறது, வெயில் இருக்கிறது, பருந்தின் நிழல் இருக்கிறது. குஞ்சுக்கு வெயில் சுடுமே என்று பருந்து தாழப் பறந்து நிழல் கொடுக்கட்டும். நிழல் தரையில் ஊர்ந்த கணமே குஞ்சு அலறியடித்து ஓடித் தாய்க்கோழியின் இறக்கைக்குள் புகட்டும். வீட்டுப் பாட்டி குச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடி வரட்டும். வெட்கத்தில்தான் குஞ்சு ஓடுகிறது என்று பருந்து நினைத்துக்கொள்ளட்டும்.

அந்த நான்காம் பக்கத்தைக் கிழித்துவிடு. கோலம் இருக்கட்டும், அழகாக வந்திருக்கிறது. மறுநாள் அதே முற்றத்தில் அதே நிழல் விழும்போது குஞ்சு எங்கே போய் ஒளிந்தது என்று எழுதி அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா