விலங்குரு வேடம் புனையும் முறை

விலங்குரு வேடம் புனைவோர் முதற்கண் கருதவேண்டுவது உருவின் அழகன்று. அதனுள் நிற்பவனது மூச்சேயாம். திருத்தணியைச் சூழ்ந்த வடதமிழ்ச் சிற்றூர்களில் விடியுமட்டும் நிகழும் தெருக்கூத்து இவ்வுண்மையை நமக்குக் கற்பிக்கின்றது. முடியும் புயகீர்த்தியும் பருத்துத் தோன்றினும், அவை எடை குறைந்த கலியாண முருங்கை மரத்தாற் செதுக்கப்பெறுவன. கட்டைக்கூத்து என்னும் பெயரும் இம்மரவணிகளால் வந்ததே. கனத்த மரமாயின் கூத்தர் இரவெல்லாம் பாடிச் சுழன்றாட இயலுமோ?

தஞ்சைப் பொய்க்கால் குதிரையில், கூடு ஆடுவோர் தோளினின்று தொங்கி இடையிற் பொருந்தும். சுற்றிய துணி அவர் கால்களை மறைக்கும். அதற்கு உயிர்த்தோற்றம் தருவது அவரது அடிவைப்பே.

இவ்விரண்டையும் கற்றபின், தொல்லுயிராகிய டைனோசரின் உருவையும் இல்லத்திலேயே நாம் சமைக்கலாம். குஜராத்திற் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 2003இல் பெயரிடப்பெற்ற ராஜசாரஸை எடுத்துக்கொள்வோம். அஃது இரு காலால் நடந்தது. முன்னுடலின் பாரத்திற்கு வாலே ஈடாயிற்று. நம் வேடத்திற்கும் அவ்விதியே பொருந்தும். பிரம்பை வளைத்து முதுகும் விலாவுமாகக் கட்டுக. பழந்தாளைப் பசையிட்டு அடுக்கடுக்காய் ஒட்டி, நன்குலர்ந்தபின் வண்ணந் தீட்டுக. சுமையைத் தோளிலும் இடையிலும் பகிர்ந்து, தலையின் நீட்சிக்கேற்ப வாலை நீட்டுக. வாய்ப்புறத்தே பார்வைக்கும் காற்றுக்கும் வலைத்துணி தைக்க. தாளும் பிரம்பும் எளிதிற் பற்றுமாதலின் விளக்கருகே செல்லற்க, துணைவனின்றி அணியற்க.

காண்போர் வியப்பினும் அணிந்தோன் நலமே பெரிதென்று கொள்க.