வேகமா, தூரமா? கடற்கரையில் ஓடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

விடியற்காலை 5 மணிக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு வந்து பாருங்கள். மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 மணி வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. அதனால் பாதி ஊர் அங்கேதான் நடக்கிறது, ஓடுகிறது. காந்தி சிலையடியில் கை காலை உதறிக்கொண்டு சிலர். துய்ப்ளே சிலைப் பக்கமிருந்து வியர்வை சொட்டச் சொட்ட வருகிறவர்கள் சிலர். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். ஐம்பதைத் தாண்டிய வயதில், கொஞ்சம் தொப்பையோடு, எல்லோருக்கும் வழிவிட்டு ஓரமாக ஓடுகிறவன்.

அங்கே பல வருஷமாக ஒன்றைக் கவனிக்கிறேன். முக்கால்வாசிப் பேர் தினமும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறார்கள். பக்கத்தில் வருகிறவரோடு பேச முடியாத வேகம், ஆனால் உண்மையான வேகமும் அல்ல. தோசைக்கல் காயாமலும் ஆறாமலும் இருக்கிற பதம் மாதிரி. அதில் தோசை எப்படி வருமோ அப்படித்தான் இந்த ஓட்டத்தின் பலனும்.

என்னிடம் வந்த வங்கி அதிகாரி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வயது 44. தினமும் 7 கிலோமீட்டர், வாரத்தில் ஆறு நாள், எல்லாம் மூச்சிரைக்கிற வேகம். ஆரோவில் மாரத்தானில் அரை மாரத்தான், அதாவது 21 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று ஆசை. யாரோ "இன்டர்வல் பண்ணுங்க சார், வேகம் தானா வரும்" என்று சொல்ல, வாரத்துக்கு இரண்டு நாள் அதையும் சேர்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை ஒரே தாவலில் 18 கிலோமீட்டர் ஆக்கினார். எல்லாம் ஒரே மாதத்தில்! டிசம்பரில் நொண்டிக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தார். கூடவே வந்த அவர் மனைவிக்கு வேறு குறை. "டாக்டர், ஞாயித்துக்கிழமையானா வீட்டுல ஒரு வேலைக்கு இவரைக் கூப்பிட முடியல. ஓடிட்டு வந்து கட்டை மாதிரி படுத்துடறார்."

வலி முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்பக்க எலும்பில். வாதம் மிஞ்சிவிட்டது என்று கணக்குப் போட்டு, தைலம் தேய்த்து, ஒற்றடம் கொடுத்து, மூன்று வாரம் பார்த்தேன். இங்கே நான் செய்த தப்பை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே அவரிடம் "ஒரே விரலால் வலிக்கிற இடத்தைக் காட்டுங்க" என்று கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது வாரம்தான் கேட்டேன். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தைக் குறி தவறாமல் தொட்டார். தசை வலி என்றால் உள்ளங்கையால் தடவித்தான் காட்டுவார்கள். விரல் நுனியால் ஒரே புள்ளியைக் காட்டினால், ஒற்றைக் காலில் குதித்தால் அந்த இடம் சுரீர் என்றால், ராத்திரி படுத்த பிறகும் விண் விண் என்றால், எலும்பைச் சந்தேகிக்க வேண்டும். எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்தது, எலும்பில் அழுத்தத்தால் வந்த விரிசல். ஆரம்பத்தில் இந்த விரிசல் எக்ஸ்-ரேக்குப் பெரும்பாலும் அகப்படாது. நான் அழுத்தித் தேய்த்ததெல்லாம் வீண், தேய்க்கவே கூடாத இடம் அது. இரண்டு மாதம் ஓட்டம் நின்றது. அந்த பிப்ரவரி கைவிட்டுப் போயிற்று.

ஏன் இப்படி ஆகிறது? இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். "இன்னும் ஓடலாம்" என்று மூச்சு சொல்லும். ஆனால் தசைநாரும் எலும்பும் மெதுவாகத்தான் வலுப்பெறும். எலும்பில் சுமை ஏறினால் உடம்பு முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது, அதற்குச் சில வாரம். பிறகு புது எலும்பை நிரப்புகிறது, அதற்கு மூன்று மாதம் வரை ஆகும். இந்த நடுக்காலத்தில் எலும்பு முன்பிருந்ததைவிட வலுக் குறைந்தே இருக்கும். வீட்டை இடித்துக் கட்டும்போது மாடியில் கல்யாணம் வைக்கலாமா?

அதனால் ஒரு விதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டாதீர்கள்.

இன்டர்வல் என்றால் என்ன?

வேகமாகக் கொஞ்ச தூரம், பிறகு மெதுவாக ஓய்வு, மறுபடி வேகம். இதை 1930-களில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ரைண்டல் என்ற இதய மருத்துவரும் ஒரு முறையாக வகுத்தார்கள். வேக ஓட்டத்தில் நாடி நிமிஷத்துக்கு 180 வரை ஏறலாம். அது 120-க்கு இறங்கிய பிறகே அடுத்த ஓட்டம். இதயம் வலுப்பெறுவது அந்த ஓய்வு நேரத்தில்தான் என்பது அவர்கள் கருத்து. இன்டர்வல் என்ற பெயரே அந்த இடைவெளிக்கு வைத்ததுதான். நம்மவர்கள் அந்த இடைவெளியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்!

செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜாட்டோபெக் 400 மீட்டரை ஒரே நாளில் இருபது, நாற்பது தடவை என்று ஓடிப் பழகியவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார். அவரிடம் பலமுறை தோற்ற பிரான்சின் அலென் மிமூன், 1956 மெல்போர்ன் மாரத்தானில் 35 வயதில் வென்றார். ஜாட்டோபெக் அதில் ஆறாவது. (நம் ஊரை பிரெஞ்சுக்காரர்கள் ஒப்படைத்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.) இவர்கள் கதையைப் படித்துவிட்டு நாற்பது தடவை ஓடக் கிளம்பிவிடாதீர்கள். அவர்களுக்கு அது தொழில். உங்களுக்கு ஒன்பதரை மணிக்கு ஆபீஸ்.

பிற்காலத்தில் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் தலைசிறந்த ஓட்டக்காரர்கள், படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள் ஆகியோரின் பயிற்சியை ஆராய்ந்து, அதில் சுமார் 80 சதவீதம் மெதுவான பயிற்சிதான் என்று காட்டினார். வேகம் மீதி 20-க்குள் அடக்கம். உலக வீரர்களே அப்படி என்றால் நமக்கு என்ன அவசரம்?

மெதுவு என்பதற்கு அளவு என்ன என்று கேட்பீர்கள். பாளையங்கோட்டையில் நான் சித்த மருத்துவம் படித்த நாளிலேயே காதில் விழுந்த பாடம் இது: அளவு மீறிய உழைப்பு வாதத்தைக் கூட்டும். சுசுருதர் பெயரில் உள்ள ஆயுர்வேத நூல் இன்னும் துல்லியமாகச் சொல்கிறது. பாதி பலத்துக்கு மேல் உடலை வருத்தக் கூடாது. மூச்சு வாய்க்கு ஏறுகிறதே, அதுதான் பாதி பலத்தின் எல்லை என்று. இன்றைய விளையாட்டு மருத்துவம் "பேசிப் பார்" என்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. ஓடும்போது நேற்று வைத்த சாம்பாரைப் பற்றி முழுசாக ஒரு வாக்கியம் பேச முடிகிறதா? அது மெதுவான ஓட்டம். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

வாரத்தை எப்படிப் பிரிப்பது?

எண்ணெய் முழுக்கை வைத்துப் பிரியுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முழுக்கு நாளில் வெயிலும் கடும் உழைப்பும் ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதையே ஓய்வு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்குப் புதனும் சனியும். அப்படியானால் செவ்வாய் இன்டர்வல், புதன் முழுக்கு. வியாழனும் வெள்ளியும் ஐந்து கிலோமீட்டர் மெதுவாக. சனி முழுக்கு, ஞாயிறு நெடுந்தூரம், திங்கள் நடை மட்டும். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் முழுக்கு. அவர்கள் புதன் மெதுவாக, வியாழன் இன்டர்வல், சனி கொஞ்சமாக மெதுவாக, ஞாயிறு நெடுந்தூரம் என்று வைக்கலாம். வாரத்தில் இரண்டு முழுக்கு முடியாதவர்கள் ஒரு நாள் வெறும் ஓய்வு எடுங்கள், போதும்.

புதிதாக ஓடுகிறவர்கள் முதல் இரண்டு மாதம் இன்டர்வல் பக்கமே போக வேண்டாம். அதன் பிறகு பிரெஞ்சு ஆய்வாளர் வெரோனிக் பில்லா பிரபலப்படுத்திய முறையில் 30 விநாடி வேகம், 30 விநாடி மெதுவு என்று எட்டுத் தடவை. பழகினால் 400 மீட்டர் நாலு தடவை, பிறகு ஆறு. அதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிஷம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குவது கட்டாயம். கடைசித் தடவையும் முதல் தடவையும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். கடைசியில் தள்ளாடினால் முதலில் அவசரப்பட்டீர்கள் என்று அர்த்தம்.

ஞாயிறு ஓட்டத்தை 8 கிலோமீட்டரில் தொடங்கி வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டுங்கள். நாலு வாரத்துக்கு ஒரு முறை குறைத்துக்கொள்ளுங்கள். 14 கிலோமீட்டரைத் தாண்டும்போது இன்டர்வலை ஆறிலிருந்து நாலாக்குங்கள். ஏனென்றால் அப்போது உங்கள் குறி தூரம். 17, 18 வந்தால் அரை மாரத்தானுக்குப் போதும். கடைசி இரண்டு வாரம் இரண்டையும் குறைக்க வேண்டியதுதான்.

ஆரோவில் மாரத்தான் முதலில் நடந்தது 2008-ல். செம்மண் பாதையில், காட்டு மரங்களுக்கு நடுவே ஓட்டம். அங்கே பரிசும் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. ஓட்டம் பிப்ரவரியில் என்பதால் பயிற்சியின் பெரும்பகுதி நம்மூர் அடைமழைக் காலத்தில் விழும். மழையால் விட்டுப்போனது போகட்டும். மறுநாள் வட்டியோடு சேர்த்து ஓடுகிறவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். தார்ச் சாலையிலேயே ஓடிப் பழகிய கால் செம்மண்ணின் வேரிலும் கல்லிலும் தடுமாறும். கடைசி ஒரு மாதமாவது மண் பாதையிலும் ஓடிப் பாருங்கள்.

நம் வங்கி அதிகாரி அடுத்த வருஷம் அந்த 21 கிலோமீட்டரை ஓடி முடித்தார். எவ்வளவு நேரத்தில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசியாகச் சில எச்சரிக்கைகள். 40 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு வந்தவர்கள், இன்டர்வல் தொடங்கும் முன் இதய மருத்துவரைப் பார்த்து ஈ.சி.ஜி. முதலிய பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். நாடி பார்த்து நானே சொல்லிவிடுவேன் என்று என்னிடம் வந்து நிற்க வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் ஓடினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். ஓடுவதற்கு முன் என்ன சாப்பிடுவது, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். நெடுந்தூரத்தில் தாகத்துக்குத் தகுந்தபடி குடியுங்கள், வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஊற்றினால் ரத்தத்தில் உப்பு குறையும். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, கண் இருட்டல் இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். "வாயுவாக இருக்கும்" என்று இஞ்சிச் சாறு தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.