பனி வருமுன் காத்தல்

சுறுசுறுப்புக்கு எடுத்துக்காட்டு கேட்டால், எறும்பு என்றும் தேனீ என்றும் நாம் உடனே விடை கூறுவோம். அத்தகைய தேனீயும் தன் உழைப்பால் மட்டும் வெல்ல முடியாத பகை ஒன்று உண்டு. அதன் பெயர் வரோவா உண்ணி. குளிர் மிகுந்த ஜெர்மனி நாட்டில் தேனீ வளர்ப்போர் இப்பகையை எவ்வாறு எதிர்க்கின்றனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இரு வகைப் பணித்தேனீக்கள்

நம் நாட்டில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பூ மலர்ந்துகொண்டே இருக்கும். ஜெர்மனியில் அப்படியன்று. நவம்பர் முதல் பிப்ரவரி வரை தேனீக்கள் கூட்டைவிட்டு வெளிவருவதே அரிது. அவை பந்துபோல் ஒன்றாகத் திரண்டு, சிறகுத் தசைகளை அதிரச் செய்து வெப்பம் உண்டாக்கி, சேமித்த உணவை உண்டு வாழ்கின்றன.

கோடையில் பிறக்கும் பணித்தேனீயின் ஆயுள் ஏறக்குறைய 6 வாரங்களே. கோடையின் இறுதியிலும் செப்டம்பரிலும் பிறப்பவையோ 5 அல்லது 6 மாதங்கள் வாழ்கின்றன. இவற்றின் உடலில் கொழுப்புத் திசு மிகுதி. குளிர்காலப் பயணத்திற்கு அதுவே கட்டுச்சோறு. வசந்தம் பிறந்ததும் முதற்புழுக்களுக்கு உணவூட்டி அடுத்த தலைமுறையை வளர்ப்பவையும் இவையே. இவை கெட்டால் கூடே கெட்டது.

உண்ணி செய்யும் கேடு

மாட்டின் உடலில் ஒட்டிக்கொள்ளும் உண்ணியை நாம் பார்த்திருக்கிறோம். வரோவாவும் அதற்கு உறவே. செம்பழுப்பு நிறம், தட்டையான நண்டு போன்ற வடிவம், ஒன்றரை மில்லிமீட்டர் அளவு அகலம். இது தேனீயின் இரத்தத்தைக் குடிப்பதாகவே நெடுங்காலம் எண்ணினர். வளர்ந்த தேனீயிடம் இது கொழுப்புத் திசுவையே தின்கிறது என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. கட்டுச்சோற்றையே திருடும் கள்வன் என்க!

தேனீப் புழு வளர்ந்ததும் பணித்தேனீக்கள் அதன் கண்ணறையை மெழுகால் மூடுகின்றன. அதற்குச் சற்று முன்பே தாய் உண்ணி உள்ளே நுழைந்து, அங்கேயே முட்டையிட்டுப் பெருகுகிறது. தேனீ வெளிவரும்போது தாயும் மகள்களும் சேர்ந்தே வெளிவருகின்றன. சிறகைச் சுருங்கச் செய்யும் வைரஸையும் இந்த உண்ணி பரப்புகிறது.

இது முதலில் ஆசியத் தேனீக்களிடம் மட்டுமே இருந்தது. நம் ஊர் மரப்பொந்துகளில் கூடு கட்டும் இந்தியத் தேனீயும் அவ்வினமே. அவை உடலைத் துப்புரவு செய்து உண்ணியை அகற்றுகின்றன. அவற்றின் கூட்டில் உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீப் புழுக்களிலேயே பெருகுகிறது. ஐரோப்பியத் தேனீக்கு அத்தகைய காப்பு போதிய அளவு இல்லை. மனிதர் தேனீக்களை நாடுவிட்டு நாடு கொண்டு சென்றதால் உண்ணியும் பரவியது. ஜெர்மனியில் 1977-இலும், இங்கிலாந்தில் 1992-இலும், ஆஸ்திரேலியாவில் 2022-இலும் அது கண்டறியப்பட்டது.

ஏமாற்றும் ஆகஸ்ட்

ஜூலை இறுதியில் பெட்டியைத் திறந்தால் தேனீக்கள் நிறைந்திருக்கும், தேனும் நிறைந்திருக்கும். 'இக்கூட்டிற்கு என்ன குறை?' என்றே தோன்றும். ஆனால் கோடையின் நடுப்பகுதிக்குப் பின் ராணி இடும் முட்டைகள் குறைகின்றன. உண்ணிகளோ பெருகிக்கொண்டே போகின்றன. சில புழுக்களுக்குப் பல உண்ணிகள் என்றாகிறது. குளிர்காலத் தேனீக்களாக வளர வேண்டியவையும் அப்புழுக்களே.

அக்டோபரில் மருந்திட்டால் என்ன? உண்ணி சாகும், ஆனால் நலிந்து பிறந்துவிட்ட தேனீ மீண்டும் நலம் பெறாது. குளிர்காலத்தின் நடுவில் பெட்டியைத் திறந்தால் உணவு அப்படியே இருக்கும். உண்பதற்குத் தேனீ இராது.

காக்கும் முறை

முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். சுமார் 300 தேனீக்களை ஒரு சீசாவிலிட்டு, பொடித்த சர்க்கரை தூவி மெல்லக் குலுக்கினால் உண்ணிகள் உதிரும், தேனீக்களுக்குத் தீங்கில்லை. 9 உண்ணிகள் உதிர்ந்தால் நூற்றுக்கு மூன்று என்றாகிறது. ஆகஸ்டில் அது அபாய அளவாகும்.

இரண்டாவதாக, கடைசித் தேனை எடுத்தவுடன், காலம் தாழ்த்தாமல் பார்மிக் அமிலம் வைக்கின்றனர். எறும்பின் உடலிலும் உள்ள அமிலம் இது. இதன் ஆவி மெழுகு மூடியையும் ஊடுருவி, கண்ணறைக்குள் ஒளிந்த உண்ணியையும் கொல்லும். குளிர் மிகுந்தால் இது ஆவியாகாது. வெப்பம் மிகுந்தால் ராணிக்கே ஆபத்து. ஆகவே வானிலையைப் பார்த்தே வைப்பர். கண்ணையும் தோலையும் சுடுமாதலால் கையுறையும் கண்ணாடியும் அணிவர். எடுத்த தேனுக்கு ஈடாகச் சர்க்கரைப் பாகும் ஊட்டுவர்.

மூன்றாவதாக, டிசம்பரில் கூட்டில் புழுவே இல்லாதபோது, பாகில் கலந்த ஆக்ஸாலிக் அமிலத்தைத் தேனீக்கள்மேல் சொட்டுச் சொட்டாக விடுகின்றனர். இது மெழுகு மூடியைக் கடவாது. அப்போது மூடிய கண்ணறைகள் இல்லாததால், எஞ்சிய உண்ணிகள் ஒளிய இடமின்றி மடிகின்றன. ஆனால் இது ஆகஸ்ட் மருந்துக்குத் துணையே அன்றி மாற்று அன்று.

இன்னொன்றும் உண்டு. நலிந்த கூட்டிலிருந்து தேனைக் கொள்ளையிட வரும் தேனீக்கள் உண்ணியையும் சுமந்து செல்லும். எனவே அண்டை அயலார் அனைவரும் ஒரே சமயத்தில் மருந்திடுவதே நலம். ஒருவர் சோம்பினாலும் பலருக்கு இழப்பு.

தோழியரே! வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர். பெட்டி நிறைந்திருக்கும் நாளிலேயே பனிக்காலத்தை எண்ணுபவர்தாம் வசந்தத்தில் தேனீக்களின் ரீங்காரத்தைக் கேட்கிறார். மார்ச் மாதத் தேர்வுக்கு ஜூன் மாதத்திலேயே ஆயத்தமாக வேண்டிய நமக்கும் இப்பாடம் பொருந்தும் அன்றோ!