சிறுவர் விருந்துக்குச் சில இனிப்புகளும் எளிய கைவேலைகளும்

பிறந்தநாள் விருந்தாயினும், ஆண்டிறுதியில் வகுப்பறையில் நடைபெறும் விருந்தாயினும், உங்கள் உள்ளத்தில் முதலில் எழும் வினா, "தின்பதற்கு என்ன?" என்பதே. பெற்றோர் உள்ளத்தில் எழுவதோ, "செலவு எவ்வளவு?" என்பதாகும். இவ்விரு வினாக்களுக்கும் விடையாகும் சில பண்டங்களையும், விருந்துக் கூடத்தை அழகுபடுத்தும் சில கைவேலைகளையும் இக்கட்டுரையில் காண்போம். மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. அதனை நாங்கள் ஒரு தவற்றின் வாயிலாகவே கற்றுக்கொண்டோம். ஆதலின் அத்தவற்றிலிருந்தே தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர்களாகிய நாங்கள் ஒரு வகுப்பு விருந்துக்கு ஜெல்லி செய்ய முற்பட்டோம். அன்னாசிக்குப் பேர்பெற்ற பொந்தியான் வட்டாரம் நம் ஜொகூரில்தானே இருக்கிறது! அங்குள்ள ஓர் ஊருக்குப் பெயரே பெக்கான் நெனாஸ், அதாவது அன்னாசிப் பட்டணம். எனவே புதிய அன்னாசியைத் துண்டுதுண்டாக நறுக்கி, ஜெலட்டின் தூள் கரைத்த இனிப்பு நீரில் இட்டு, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்தோம். காலையில் திறந்து பார்த்தால் ஜெல்லி உறையவே இல்லை! வைத்தபடி நீராகவே நின்றது. அண்டையிலுள்ள மலாய்ப் பள்ளி மாணவர் சிலரையும் அன்று விருந்துக்கு அழைத்திருந்தோம். இனி என்ன செய்வது என்று கலங்கி நின்றபோது, எங்கள் மாணவி ஒருத்தி, "ஆசிரியை, இதை எதிலிருந்து செய்கிறார்கள்?" என்று கேட்டாள். அவள் வீட்டில் மரக்கறி உணவு மட்டுமே உண்பர். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தோம். 'ஜெலட்டின்' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு விளக்கம் அதில் இல்லை.

ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றை நீரில் வேகவைத்து எடுக்கப்படும் புரதப்பொருள். அது மாட்டிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். பன்றியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அந்த ஜெல்லி நன்றாக உறைந்திருந்தால் நாங்கள் அதனை மகிழ்ச்சியோடு பரிமாறியிருப்போம். அம்மாணவி உண்டிருக்க மாட்டாள். விருந்தினராக வந்த மலாய்ப் பிள்ளைகளும் உண்டிருக்க இயலாது; அல்லது, அதனினும் பெரும்பிழையாக, அறியாமல் உண்டிருப்பர். அது உறையாமற்போனதே நன்மையாயிற்று. "இவ்விருந்தில் அமரும் எல்லாப் பிள்ளைகளும் இதனை உண்ணக்கூடுமா?" என்பதே அந்த மூன்றாவது வினா.

அன்று எங்களைக் காப்பாற்றியது பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இருந்த ஒரு பொட்டலம் அகர் அகர். இது கடலில் வளரும் செந்நிறப் பாசியிலிருந்து எடுக்கப்படுவது. 'அகர் அகர்' என்பது மலாய்ச் சொல். இன்று உலகமே அப்பெயரை வழங்குகிறது. நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்த தமிழகத்திலும் இப்பாசி உண்டு. இராமநாதபுரக் கடற்கரையில் பாம்பன், மண்டபம் பகுதிப் பெண்கள் கடலில் மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்பவற்றைச் சேகரித்து விற்பர். அவ்விரண்டும் அகர் எடுக்கப் பயன்படும் பாசிகளே. விலங்குப் பொருள் எதுவும் இதில் இல்லாமையால், மரக்கறியினரும், பசுவின் பொருளை விலக்குவோரும், முஸ்லிம் நண்பர்களும் ஒருங்கே உண்ணலாம். ஆயினும் முஸ்லிம் நண்பர்களை அழைக்கும்போது, வண்ணம், மணப்பொருள் முதலியவற்றின் பொட்டலத்தில் ஹலால் முத்திரை உள்ளதா என்று பார்ப்பதும், பாத்திரங்களைப் பற்றி அவர்தம் பெற்றோரிடம் முன்னரே பேசிக்கொள்வதும் நல்லது.

இனி, அந்த ஜெல்லி உறையாமற்போன காரணத்தையும் அறிதல் வேண்டும். அன்னாசியில் புரோமெலைன் என்னும் நொதி உள்ளது. அது புரதத்தைச் சிதைக்கும் ஆற்றல் வாய்ந்தது. மிகுதியாக அன்னாசி தின்றால் நாக்கு எரிகிறதல்லவா? அதற்கு இந்நொதியும் ஒரு காரணம். ஜெலட்டின் புரதமாதலால் அன்னாசி அதனைச் சிதைத்துவிட்டது. பப்பாளிப் பழமும் அவ்வாறே செய்யும். அகர் அகரோ புரதமன்று. மாச்சத்தைப் போன்ற மாவுப்பொருள் இனத்தைச் சேர்ந்தது. எனவே அன்னாசி அதனை ஒன்றும் செய்ய இயலாது. மேலும் ஜெலட்டின் சுமார் 30 பாகை வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். நம் ஜொகூரின் நண்பகல் வெயிலுக்கு அது எம்மாத்திரம்! அகர் அகர் ஏறக்குறைய 35 முதல் 40 பாகைக்குள் உறைந்துவிடும்; உறைந்த பின்னர் மீண்டும் உருக வேண்டுமாயின் 85 பாகை வெப்பமேனும் வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டிலும் மேசைமேல் வைத்தே இதனை உறையச் செய்யலாம்.

இப்பண்பு மருத்துவ உலகிற்கே பயன்பட்ட வரலாறு ஒன்று உண்டு. 1881ஆம் ஆண்டில், ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் வால்தர் ஹெசே என்னும் மருத்துவர் நுண்ணுயிர்களை ஜெலட்டின் மீது வளர்த்து ஆராய்ந்து வந்தார். கோடை வெப்பத்தில் ஜெலட்டின் உருகிற்று; சில நுண்ணுயிர்களோ அன்னாசியைப் போலவே அதனைச் சிதைத்து நீராக்கின. கணவர் படும் தொல்லையைக் கண்ட ஃபேனி ஹெசே அம்மையார், தாம் பழக்கூழ் உறையச் செய்யப் பயன்படுத்தும் அகர் அகரை முயன்று பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்திருந்த டச்சுக்காரர் ஒருவரிடமிருந்து அம்மையார் அதனை அறிந்திருந்தார். காக் அவர்கள் 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் அகர் இடம்பெற்றது; அம்மையாரின் பெயர் இடம்பெறவில்லை! இன்றும் மருத்துவமனை ஆய்வுக்கூடங்களில் நுண்ணுயிர்களை அகரின் மீதே வளர்க்கின்றனர். ஜாவாவின் அடுக்களையிலிருந்து பெர்லினின் ஆய்வுக்கூடம்வரை சென்ற பொருளைத்தான் நீங்கள் விருந்தில் கரண்டியால் அள்ளி உண்கிறீர்கள்.

செய்முறை வருமாறு. அடுப்பு வேலை பெரியவர்களுடையது. அளப்பதும் நறுக்குவதும் அச்சில் ஊற்றுவதைப் பார்த்திருப்பதும் உங்களுடையவை. ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 10 கிராம் அகர் அகர் தூளைத் தூவிக் கலக்குக. பட்டையாகக் கிடைத்தால் 25 கிராம் எடுத்து, அரைமணி நேரம் ஊறவைத்துக்கொள்க. பிறகு அடுப்பிலேற்றி, கொதி வந்த பின்னும் சில நிமிடங்கள் கிளறுக. தூள் முழுவதும் கரைந்தால்தான் உறையும். அவசரப்பட்டு இறக்குவோர் பலர் இங்கேதான் தவறுகின்றனர். 150 கிராம் சர்க்கரையும், முடிச்சிட்ட இரண்டு பாண்டான் இலைகளும் சேர்க்க. அன்னாசி போன்ற புளிப்புப் பழத்தை அகரோடு சேர்த்துக் கொதிக்கவிடலாகாது. புளிப்பும் கொதியும் சேர்ந்தால் அகரின் உறையும் வலிமை குறையும். இறக்கிய பின்னரே பழத்தை இடுக.

இதிலே வேடிக்கையான வகை தேங்காய்ப்பால் அகர் அகர். ஒரு லிட்டருக்குக் கால் லிட்டர் கெட்டியான தேங்காய்ப்பாலும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து தட்டில் ஊற்றிவிட்டு, அசைக்காமல் விட்டுவிடுக. தேங்காய்ப்பாலின் கொழுப்பு நீரினும் இலேசானது. ஆதலால் அது மேலே மிதந்து செல்லும். உறைந்த பின் வெட்டினால் கீழே தெளிந்த அடுக்கும் மேலே வெண்ணிற அடுக்கும் தாமாகவே அமைந்திருக்கும்! வண்ண அடுக்குகளாகச் செய்ய விரும்பினால், முதல் அடுக்கின் மேற்பரப்பு உறைந்தும் உறையாமலும், விரலால் தொட்டால் ஒட்டும் நிலையில் இருக்கும்போதே அடுத்ததை ஊற்ற வேண்டும். முற்றும் ஆறவிட்டால் அடுக்குகள் ஒட்டாமல் வழுக்கிப் பிரியும்.

வண்ணத்திற்குக் கடைச்சாயம் வேண்டுவதில்லை. அரைத்த பாண்டான் இலைச் சாறு பச்சை தரும். வேலியோரத்துச் சங்குப்பூவை வெந்நீரிலிட்டால் நீலம் கிடைக்கும். இந்நீலத்தைக் கொண்டு ஒரு சிறு மாயமும் காட்டலாம். கண்ணாடிக் குவளையில் ஆறிய சங்குப்பூ நீரை ஊற்றி, நண்பர்கள் பார்க்கும்போது சில துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள். நீலம் நொடியில் ஊதாவாகும். பூவிலுள்ள வண்ணப்பொருள் புளிப்புப் பட்டவுடன் நிறம் மாறும் இயல்புடையது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் லிட்மஸ் தாளோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, மலாய் அண்டைவீட்டார் ஒண்டே ஒண்டே அல்லது பூவா மெலாக்கா என்று அழைக்கும் பண்டம். நம் பூரணக் கொழுக்கட்டைக்கு இது நெருங்கிய உறவு என்றே சொல்லலாம். 200 கிராம் புளுட் அரிசி மாவில் வெதுவெதுப்பான பாண்டான் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைந்து, காதுமடல் போன்ற மென்மை வந்ததும் நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக்குக. நடுவில் குழி செய்து, பொடியாக நறுக்கிய குலா மெலாக்காவை வைத்து, விரிசலின்றி மூடுக. இந்த உருட்டும் வேலைக்குப் பிள்ளைகளின் சிறு விரல்களே மிகவும் பொருத்தம். கொதிக்கும் நீரிலிட்டால் உருண்டைகள் முதலில் மூழ்கும். வெந்ததும் மேலே மிதந்து வரும். பின்னும் ஓரிரு நிமிடம் விட்டு எடுத்து, உப்புக் கலந்த தேங்காய்த் துருவலில் புரட்டுக. கடித்தவுடன் உள்ளிருந்து வெல்லப்பாகு பீறிடுவதே இதன் சுவை. அதுவே இதன் ஆபத்தும் ஆகும். சூடாக இருக்கையில் கடித்தால் நாக்கு வெந்துபோகும். ஆகவே நன்கு ஆறிய பின்னரே பரிமாறுக. மழலைப் பள்ளித் தம்பி தங்கையருக்கு இரண்டாக வெட்டிக் கொடுங்கள். முழு உருண்டை தொண்டையில் சிக்கக்கூடும்.

இனிக் கைவேலைகளைப் பார்ப்போம். காகிதத் தொப்பியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பழைய நாளிதழே போதும். பழைய நாட்காட்டித் தாள்களைப் பட்டைகளாக வெட்டி வளையமாகக் கோத்தால் வண்ணச் சங்கிலி கிடைக்கும். அதற்கான பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். இரண்டு மேசைக்கரண்டி மரவள்ளி மாவைக் கால் குவளைக் குளிர்ந்த நீரில் முதலில் கரைத்து, பிறகு ஒரு குவளைக் கொதிநீரில் ஊற்றிக் கிளறினால் மாவு தெளிந்து பசையாகும். உலர்ந்த மாவை நேரே கொதிநீரில் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் வெந்து, உள்ளே மாவு அடைபட்டுக் கட்டியாகிவிடும். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அரிசியின்றித் தவித்த நம் தோட்டத்து மக்களின் வயிற்றை நிரப்பியது இம்மரவள்ளிதான் என்பதைத் தாத்தா பாட்டியரைக் கேட்டுப் பாருங்கள்.

தென்னையோலையில் செய்யும் காற்றாடியை எங்கள் தலைமுறையோடு மறந்துவிடக்கூடாது என்பது எங்கள் ஆசை. செம்பனை ஓலை வேண்டாம். அதன் மட்டையில் முட்கள் உண்டு. ஈர்க்கு நீக்கிய, ஒரே அகலமும் ஒரு சாண் நீளமும் உடைய தென்னையோலைத் துண்டுகள் நான்கினை எடுத்து, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். முதல் மடிப்பினுள் இரண்டாவதையும், இரண்டாவதன் மடிப்பினுள் மூன்றாவதையும், அவ்வாறே நான்காவதையும் நுழைத்து, முதல் துண்டின் முனைகளை நான்காவதன் மடிப்பினுள் செருகி மெல்ல இழுத்தால், நடுவில் ஒரு சதுரமும் நாற்புறமும் நான்கு இறக்கைகளும் அமையும். இறக்கைகளை ஒரே பக்கமாகச் சற்று முறுக்கி, நடுவில் ஈர்க்கு தாராளமாகச் சுழலும் அளவிற்குத் துளையிட்டு, ஈர்க்கின் நுனியில் ஓர் ஓலைத்துண்டைத் தடையாகக் குத்துங்கள். பிடித்துக்கொண்டு ஓடினால் சுழலும். முறுக்காத இறக்கை சுழலாது. காற்று சாய்வான பரப்பில் மோதினால்தான் பக்கவாட்டில் தள்ளும். மிஞ்சிய நீண்ட ஓலையைக் கூம்பாகச் சுற்றி, குறுகிய முனையைத் தட்டையாக அழுத்தினால் பீப்பி ஆகும். விருந்து முடியும்வரை பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்!

பலூனைப் பற்றியும் ஒரு சொல். அது நம் தோட்டங்களில் வடியும் ரப்பர்ப் பாலினின்று ஆவது. முதல் ரப்பர் பலூனை 1824இல் இலண்டனில் மைக்கேல் ஃபாரடே என்னும் விஞ்ஞானி செய்தார். இரண்டு ரப்பர்த் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரங்களை அழுத்தி ஒட்டி, உட்புறம் ஒட்டிக்கொள்ளாதிருக்க மாவு தூவினாராம். ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்ததே அதற்கு 53 ஆண்டுகளுக்குப் பின், 1877இல்தான். பலூன் வெடித்தால் கிழிந்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். சிறு பிள்ளைகள் அவற்றை வாயிலிட்டால் மூச்சுக்குழல் அடைபடும். ஊதாத பலூனையும் அவர்கள் கையில் கொடுத்தல் ஆகாது.

விருந்து முடிந்த பின் அகர் அகர் மிஞ்சியிருந்தால், தேங்காய்ப்பாலும் பழமும் சேராததை மறுநாள் உருக்கி வேறு அச்சில் ஊற்றலாம். அவை சேர்ந்தது அன்றே தீர வேண்டும். காய்ச்சிய சட்டியைக் காயவிடாமல் வெந்நீர் ஊற்றி ஊறவைத்தால் எளிதில் கழுவலாம். ஆனால் சட்டியில் எஞ்சிய சூடான அகரை மட்டும் கழுவுதொட்டியில் கொட்டிவிடாதீர்கள். அது குழாய்க்குள் போய் உறைந்து நிற்கும்.