பி ஓட, ஏ குதிக்க: எமுலேட்டருக்குக் கண்ட்ரோலர் அமைத்தல்

மலேசியாவில் தொண்ணூறுகளில் வளர்ந்த பலருக்கு டிவி கேம் என்றாலே மைக்ரோ ஜீனியஸ்தான். 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் தைவான் நகல் அது. சுங்கை லாலாங், பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்து இன்று அப்பாவாகிவிட்டவர், பழைய மடிக்கணினியில் ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருளைப் போட்டு அந்த விளையாட்டுகளைப் பிள்ளைக்குக் காட்டலாம். படமும் சத்தமும் அப்படியே வரும். கைதான் ஒத்துழைக்காது.

காரணம் இருக்கிறது. பழைய கண்ட்ரோலரில் பி இடப்பக்கம், ஏ வலப்பக்கம், ஒட்டினாற்போல் இருக்கும். சூப்பர் மாரியோவில் (1985) பி-யை அழுத்தி ஓடும் பெருவிரல் லேசாகச் சாய்ந்தால் ஏ விழும், மாரியோ குதிப்பான். இன்றைய கண்ட்ரோலரில் நான்கு பொத்தான்கள் மேல், கீழ், இடம், வலம் என நிற்கின்றன. ரெட்ரோஆர்ச் கீழ்ப் பொத்தானைப் பி-க்கும் வலப் பொத்தானை ஏ-க்கும் தருகிறது. இது 1990இல் வந்த சூப்பர் ஃபேமிகாமின் அடுக்கு. அதில் ஓடிக்கொண்டே குதிக்க, பெருவிரல் கீழிருந்து வலப்பக்கமாக மேலே சாய வேண்டும், சீக்கிரம் வலித்துவிடும்.

இடப் பொத்தானுக்குப் பி, கீழ்ப் பொத்தானுக்கு ஏ என்று வையுங்கள். நின்டெண்டோவே சூப்பர் மாரியோ வேர்ல்டில் ஓட்டத்தை இடப் பொத்தானிலும் குதிப்பைக் கீழ்ப் பொத்தானிலும்தான் வைத்தது.

இதை எங்கே மாற்றுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். செட்டிங்ஸில் உள்ள இன்புட் பகுதியில் மாற்றினால் எல்லா விளையாட்டும் மாறும். மெனுவில் சரி, ரத்து செய்யும் பொத்தான்களும் இடம் மாறிக் குழப்பும். அதைத் தொடாதீர்கள். விளையாட்டை ஓடவிட்டு, குவிக் மெனுவில் கண்ட்ரோல்ஸ் போய் மாற்றி, கோர் ரீமேப்பாகச் சேமியுங்கள். கோர் என்பது ஒரு பழைய கருவியைப் போல இயங்கும் பகுதி. ஃபேமிகாம் விளையாட்டுகள் மட்டும் மாறும், சூப்பர் ஃபேமிகாம் அப்படியே இருக்கும். ஏதோ ஒரு விளையாட்டுக்கு மட்டும் வேறு அடுக்கு வேண்டுமென்றால் கேம் ரீமேப் இருக்கிறது; கோர் ரீமேப்பை அது மிஞ்சும்.

இன்புட் பகுதியைத் தொடக்கூடாது என்பதற்கு ஒரு விதிவிலக்கு, பாசார் மாலாமில் வாங்கும் பெயரில்லாத யூஎஸ்பி கண்ட்ரோலர். மென்பொருள் அதை அடையாளம் காணாவிட்டால் இன்புட் பகுதிக்குப் போய் ஒவ்வொரு பொத்தானையும் ஒருமுறை கையால் காட்டித்தான் ஆகவேண்டும். அங்கே எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறதோ அப்படியே காட்டுங்கள். ஆசைப்பட்ட மாற்றத்தை ரீமேப்பில் செய்துகொள்ளலாம். விண்டோஸில் எக்ஸ்-இன்புட் முறைக்கு மாறும் வசதி கண்ட்ரோலரில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் இந்த வேலையே மிச்சம்.

கண்ட்ரோலரே இல்லையா? விசைப்பலகை மோசமில்லை. இசட் பி-யாகவும் எக்ஸ் ஏ-யாகவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பழைய வரிசை தானாகவே கிடைக்கிறது. ஆனால் மலிவான பலகைகளில் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று விழாமல் போகலாம்.

கம்பியா, புளூடூத்தா? மாரியோவுக்குக் கம்பிதான். ஒரு பிரேம், அதாவது திரையில் ஒரு படம், சுமார் 16.7 மில்லிநொடி, இரண்டு பிரேம் தாமதித்தாலே பள்ளத்தில் விழுவான். திசைக்கும் அனலாக் குச்சியை விட சிலுவைப் பொத்தானே துல்லியம்.

பொத்தானைப் பிடித்திருந்தாலே திரும்பத் திரும்ப அழுத்தியதாகக் கொள்ளும் டர்போவை மறக்க வேண்டாம். மைக்ரோ ஜீனியஸ் கண்ட்ரோலர்கள் பலவற்றில் அது இருந்தது. சுடும் விளையாட்டான கான்ட்ராவை அதோடுதான் ஆடினோம். ரெட்ரோஆர்ச்சிலும் உண்டு. 6 பிரேமுக்கு ஒரு சுற்று வைத்தால் நொடிக்கு 10 முறை சுடும்.