பாலைவனக் கரையில் கயாக் பயணம்: திட்டமிடக் கற்போம்



நம் கிளைகளில் முகாம் போட்டால் முதலில் என்ன கேட்போம்? எத்தனை பேர், பஸ் எத்தனை மணிக்கு, சமையலுக்கு யார் பொறுப்பு. அரிசி குறைந்தால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். மழை பெய்தால் மண்டபத்துக்குள் ஓடிவிடலாம். "அதெல்லாம் பாத்துக்கலாம்லா" என்ற ஒரு சொல்லிலேயே நம் திட்டத்தில் பாதி முடிந்துவிடும்.

அந்தச் சொல் செல்லுபடியாகாத இடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, இந்த மாதம் திட்டமிடும் கலையைப் படிப்போம். அங்கே பக்கத்துக் கடை கிடையாது. தண்ணீர்க் குழாய் கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கள்ளிக்காடு.

1. இடத்தை அறிதல்

மெக்சிகோ நாட்டின் வடமேற்கில் பாஹா கலிபோர்னியா என்ற ஒடுங்கிய, நீண்ட தீபகற்பம் இருக்கிறது. அதற்கும் மெக்சிகோவின் பெருநிலத்துக்கும் நடுவே கிடப்பது கலிபோர்னியா வளைகுடா. கோர்ட்டெஸ் கடல் என்றும் சொல்வார்கள். நீளம் 1,000 கிலோமீட்டருக்கும் மேல். இதன் தீவுகளையும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளையும் யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் லொரேத்தோ என்ற சிற்றூர். அதற்குத் தெற்கே லா பாஸ் நகரம். இரண்டுக்கும் இடையே கரையோரமாகக் கயாக்கில் போவது கடல் கயாக் பழகியவர்கள் பலரும் விரும்பும் பாதை. தூரம் 200 கிலோமீட்டருக்கு மேல்.

அழகான இடம்தான். ஆனால் வரலாறு ஒரு பாடம் சொல்கிறது. 1535இல் ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் இன்றைய லா பாஸ் இருக்கும் விரிகுடாவில் ஒரு குடியேற்றத்தைத் தொடங்கினார். கப்பல் இருந்தது, ஆள் இருந்தது, ஆயுதமும் இருந்தது. உணவு மட்டும் போதவில்லை. மறுகரையிலிருந்து வரவேண்டிய பொருள் ஒழுங்காக வந்து சேராததால், அடுத்த ஆண்டே அந்த இடத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. வீரம் குறைந்து போனவர்கள் அல்ல அவர்கள். கணக்கில் தோற்றவர்கள்.

2. காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

"பாலைவனம்தானே, எப்ப போனாலும் வெயில்தான்" என்று நினைக்கக்கூடாது. கோடையில் அங்கே வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல் பயமும் உண்டு. அதனால் பெரும்பாலோர் நவம்பர் முதல் ஏப்ரல் வரையில்தான் போகிறார்கள்.

அந்தக் குளிர்காலத்துக்கும் ஒரு குணம் இருக்கிறது. வடக்கே அமெரிக்க நிலப்பரப்பில் காற்றழுத்தம் கூடும்போது, அங்கிருந்து காற்று தெற்கு நோக்கிப் பாயும். இருபுறமும் மலை, நடுவில் நீண்ட வளைகுடா. குழாய்க்குள் ஊதியது போலக் காற்று வேகம் எடுக்கும். இதை அந்த ஊர்க்காரர்கள் 'எல் நோர்த்தே', அதாவது 'வடக்கன்' என்று அழைக்கிறார்கள். வந்தால் இரண்டு மூன்று நாள், சில சமயம் அதற்கு மேலும் வீசும். அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். சிறிய படகுக்கு இந்த மாதிரி அலைதான் ஆபத்து.

நமக்கு இது புதிதல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திரங்கானு பக்கம் தீவுகளுக்குப் போகும் படகுகள் நின்றுவிடும். "எங்களுக்கு லீவு இப்பதானே" என்று சொன்னால் கடல் கேட்குமா? காலத்தை நாம்தான் கடலுக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

இன்னொன்று. நம் கடல் நீர் ஆண்டு முழுதும் 28, 29 டிகிரியில் இருக்கும். லொரேத்தோவில் குளிர்காலக் கடல் 20 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். மேலே வெயில் சுட்டாலும், கவிழ்ந்து விழுந்து காற்றில் நனைந்து கிடந்தால் விரல் மரத்துப்போகும். துடுப்பைப் பிடிக்கும் விரல் அது என்பதை மறக்கக்கூடாது. ஆகவே தொப்பியோடு சேர்த்து, நீரில் உடல் சூட்டைக் காக்கும் உடையும் வேண்டும்.

3. தூரமும் நாளும்

இப்போது கணக்குப் போடுவோம். பேப்பரும் பென்சிலும் எடுங்கள்.

சுமை ஏற்றிய கயாக்கில் சாதாரண ஆள் மணிக்கு 5 கிலோமீட்டர் போகலாம். ஒரு நாளைக்கு 4 மணி நேரம் என்றால் 20 கிலோமீட்டர். காற்று பெரும்பாலும் முற்பகலில் வலுக்கத் தொடங்கும் என்பதால், விடியும்போது புறப்பட்டு மதியத்துக்குள் கரை ஏறிவிடுவது நல்லது.

தூரத்தை 220 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 220ஐ 20ஆல் வகுத்தால் 11 நாள். "அப்ப 11 நாள் லீவு போதும்" என்றால், அங்கேதான் தப்பு நடக்கிறது. துடுப்புப் போடும் மூன்று நாளுக்கு ஒரு நாள் வீதம் காற்றுக்காக ஒதுக்குங்கள். 4 நாள் கூடும். மொத்தம் 15 நாள். காற்றே வராவிட்டால்? நல்லது, ஒரு தீவைக் கூடுதலாகப் பார்க்கலாம்.

திசையும் முக்கியம். குளிர்காலக் காற்று வடக்கிலிருந்து வருவதால் லொரேத்தோவில் தொடங்கி லா பாஸில் முடித்தால் காற்று முதுகில் இருக்கும். எதிர்த் திசையில் போனால் தினமும் மல்லுக்கட்டு. ஆனாலும் பின்னால் வரும் அலை படகின் வாலைத் திருப்பிக் கவிழ்க்கக்கூடும். அதைச் சமாளிக்கப் பழகியிருக்க வேண்டும்.

4. தண்ணீர்

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 4 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. 15 நாளுக்கு 60 லிட்டர், அதாவது 60 கிலோ. ஒரு கடல் கயாக்கின் எடையே ஏறக்குறைய 25 கிலோதான். இத்தனை தண்ணீரையும் தொடக்கத்திலேயே ஏற்ற முடியாது.

அதனால் பயணத்தைத் துண்டு போட வேண்டும். வழியில் அகுவா வெர்டே, சான் எவரிஸ்டோ போன்ற மீனவக் கிராமங்கள் இருக்கின்றன. எங்கே தண்ணீர் வாங்கலாம் என்று முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்ய வேண்டும். ஒரு துண்டுக்கு 5 நாள் என்றால் 20 லிட்டர். காற்றில் மாட்டிக்கொண்டால் குடிக்க இன்னும் 3 நாளுக்கு 12 லிட்டர். ஆக 32 லிட்டர். ஒரே பெரிய பையில் ஊற்றாமல் பல சிறிய பைகளில் பிரித்து வையுங்கள். ஒன்று கிழிந்தால் மற்றவை காக்கும்.

"சுத்தித் தண்ணிதானே, அவசரத்துக்கு ரெண்டு வாய் குடிச்சா என்ன?" என்று யாராவது கேட்பார்கள். கடல் நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 விழுக்காடு. நம் சிறுநீரகத்தால் அவ்வளவு அடர்த்தியாக உப்பை வெளியேற்ற முடியாது. குடித்த நீரைவிட அதிக நீரை உடம்பிலிருந்தே எடுத்து அந்த உப்பைக் கழுவ வேண்டியிருக்கும். தாகம் தீராது, கூடும். கடல் நீரைப் பாத்திரம் கழுவப் பயன்படுத்துங்கள், அதோடு சரி.

5. படகும் பயிற்சியும்

ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட், விசில், தண்ணீர் இறைக்கும் கைப்பம்பு. குழுவுக்கு உபரித் துடுப்பு, இழுவைக் கயிறு, முதலுதவிப் பெட்டி, கடல் வானொலி, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி. கைப்பேசியை நம்பாதீர்கள். அந்தக் கரையில் பல இடங்களில் லைன் கிடைக்காது.

பொருள் வாங்குவது எளிது. கவிழ்ந்த படகில் மறுபடி ஏறுவதுதான் கஷ்டம். முதலில் நீச்சல் குளத்தில், பிறகு அமைதியான கடலில், கடைசியாகக் கொஞ்சம் அலையில், சுமையோடு பழகுங்கள். தனியாக ஏறவும் தெரிய வேண்டும், நண்பனை ஏற்றவும் தெரிய வேண்டும். இது வராதவர் இந்தப் பயணத்துக்கு இன்னும் தயாராகவில்லை என்று அன்பாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

புறப்படும் நாள், தங்கும் இடங்கள், முடியும் நாள், எந்த நாளுக்குள் செய்தி வராவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்பதை எழுதி, வீட்டில் ஒருவரிடமும் உள்ளூரில் ஒருவரிடமும் கொடுங்கள்.

6. கரையில் ஒழுக்கம்

• வடக்கே முனை மறைக்கும் சிறு குடாவில் கூடாரம் போடுங்கள். அலை ஏறும் கோட்டுக்கு மேலே இருக்கட்டும்.
• ஆழமில்லாத நீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப்போகும்.
• செருப்பு, சப்பாத்து போடும்முன் உதறுங்கள். தேள் இருக்கும்.
• லொரேத்தோ விரிகுடா 1996 முதல் தேசியப் பூங்கா. அனுமதியும் கட்டணமும் உண்டு. கொண்டுபோன குப்பை முழுவதும் திரும்பி வர வேண்டும். மழை குறைந்த மண்ணில் எதுவும் சீக்கிரம் மக்காது.

7. ஒரு நிலைமை: நீங்கள் என்ன செய்வீர்கள்?

பதின்மூன்றாம் நாள். லா பாஸுக்கு இன்னும் 25 கிலோமீட்டர். வெளியே கடல் முழுதும் வெள்ளை நுரை. நாளை மறுநாள் விமானம். குழுவில் மூத்த அண்ணன் சொல்கிறார்: "நாலு மணி நேரம்தான்டா, சமாளிச்சிடலாம். டிக்கெட் காசு யார் தருவா?" மூன்று பேர் தலையாட்டுகிறார்கள். கடைசியாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி மட்டும் பேசாமல் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த நிமிடத்தில் குழுவைத் தள்ளுவது வீரமல்ல, விமான டிக்கெட். அந்த அழுத்தத்தை அங்கே போய்த் தீர்க்க முடியாது. வீட்டிலேயே தீர்த்துவிட்டு வர வேண்டும். எப்படி?

முதலாவது, தேதி மாற்றக்கூடிய டிக்கெட் எடுங்கள். மாற்றும் கட்டணத்தைச் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்து, எல்லோரும் பங்கு போட்டு ஒதுக்குங்கள். அப்போது "காசு யார் தருவா" என்ற கேள்வி எழாது.

இரண்டாவது, காற்றின் எல்லையை எழுதி வையுங்கள். உதாரணமாக, 15 நாட்டுக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டருக்கு மேல் வீசினால் இறங்குவதில்லை. எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கடற்கரையில் நின்று விவாதிக்க ஒன்றும் இருக்காது.

மூன்றாவது, வேறு வழி ஒன்றைத் தெரிந்து வையுங்கள். எந்தக் கிராமத்துக்கு மண்சாலை வருகிறது, எங்கே மீனவர் மோட்டார் படகு வாடகைக்குக் கிடைக்கும் என்று வரைபடத்தில் குறியுங்கள். பயணத்தைப் பாதியில் நிறுத்துவதும் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

நான்காவது, பேசாத அந்தத் தங்கை. "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் போதும், அன்று படகு இறங்காது. காரணம் கேட்டு அவரை மடக்கவும் கூடாது. இதை முதல் கூட்டத்திலேயே விதியாக்குங்கள். தினமும் காலையில் வயதில் இளையவரிடமிருந்து கருத்துக் கேட்கத் தொடங்குங்கள். அண்ணன் முதலில் பேசிவிட்டால், மரியாதைக்காகவே மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். நம் வீடுகளில் அப்படித்தானே வளர்ந்திருக்கிறோம்? பெரியவர்மீது உள்ள மரியாதை நல்ல குணம். ஆனால் அது ஓர் எச்சரிக்கையை விழுங்கிவிடக்கூடாது. அதற்கு வழி செய்ய வேண்டியவர் அந்த அண்ணன்தான்.

கலந்துரையாடலுக்கு

1. ஐந்து பேர், 8 நாள் பயணம், நடுவில் ஒரே ஓர் இடத்தில் தண்ணீர் கிடைக்கும். ஒவ்வொருவரும் தொடக்கத்தில் எத்தனை லிட்டர் ஏற்ற வேண்டும்? காற்று நாளையும் சேர்த்துக் கணக்கிடுக.
2. உங்கள் கிளையின் அடுத்த முகாமில் 'விமான டிக்கெட்' மாதிரி நம்மை அவசரப்படுத்தக்கூடியது எது? அதை இப்போதே எப்படித் தளர்த்தலாம்?
3. உங்கள் குழுவில் கடைசியாகப் பேசுபவர் யார்? அடுத்த கூட்டத்தில் அவரை முதலில் பேசச் சொல்லிப் பாருங்கள். என்ன மாறியது என்று குறித்து வாருங்கள்.